மூன்டாக்: தெருவில் நின்றவரா, தெருவில் எழுதியவரா?

வாசகர் கேள்வி – ஜனவரி 9

நியூயார்க் நடைபாதையில் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு நின்று பிச்சை எடுத்த பார்வையற்ற ஒருவரை இப்போது மாபெரும் இசையமைப்பாளர் என்று தூக்கிப் பிடிக்கிறார்கள். நான் கேட்ட வரைக்கும் எல்லாம் இரண்டு நிமிடத் துணுக்குகள். வீடு வாசல் இல்லாத ஒரு மனநிலை பிசகியவரை, அவருடைய கோலத்துக்காகவே மேதை ஆக்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

வீடு இல்லை என்பதே தவறு. லூயி தாமஸ் ஹார்டின் என்ற மூன்டாக் 1943இல் நியூயார்க் வந்தார், 1974 வரை அங்கே இருந்தார். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி மன்ஹாட்டனில் தங்குவதற்கு அவருக்கு இடம் இருந்தது. தெருவில் படுத்த இரவுகளும் உண்டு. மாநிலத்தின் உட்பகுதியில் கேன்டர் என்ற ஊர்ப் பக்கம் காட்டு நிலம் ஒன்றும் வைத்திருந்தார்.

பகலில் அவர் நின்ற இடம் ஆறாவது அவென்யூ, 52ஆம் தெருவுக்கும் 55ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட பகுதி. கவிதை அச்சடித்த தாள்கள், இசைக்குறிப்புகள், பின்னாளில் இசைத்தட்டுகள் என்று விற்றுக்கொண்டிருந்தார். சும்மா காசு போட்டவர்களும் இருந்தார்கள், அதை அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் கையில் நாள் முழுவதும் இருந்தது திருவோடு அல்ல, பிரெய்ல் எழுதும் ஸ்லேட். அங்கே நின்றபடியும் உட்கார்ந்தபடியும் இசை எழுதினார். சிம்பொனி வடிவத் துண்டுகள், ஒரே மெட்டைப் பலர் அடுத்தடுத்துத் தொடங்கும் கேனன்கள், ரவுண்டுகள் என அவர் எழுதியவற்றில் பெரும்பகுதியைக் கூட்டத்துக்கு நடுவே எழுதினார்.

மனநிலை பிசகியவர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? உடையை வைத்துத்தானே?

ஜனவரி 10

வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு தலைக்கவசத்தையே சுற்றி வரும்.

பிறந்தது 1916 மே 26, கான்சாஸ் மாநிலம் மேரிஸ்வில். தந்தை எபிஸ்கோபல் சபைப் பாதிரியார். குடும்பம் வயோமிங் பக்கம் குடிபெயர்ந்தது, ஃபோர்ட் பிரிட்ஜர் என்ற இடத்தில் தந்தை வணிக நிலையம் நடத்தினார். சிறுவனை அமெரிக்கப் பூர்வகுடிகளான அரபாஹோ மக்களின் சூரிய நடனத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மஞ்சள் கன்று என்ற பொருள்படும் பெயர் கொண்ட தலைவரின் மடியில் உட்கார்ந்து எருமைத் தோல் முரசை அடித்ததாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து வயதில் அட்டைப் பெட்டியில் தாமே முரசு செய்துகொண்ட பிள்ளை அது.

1932 ஜூலை 4. குடும்பம் அப்போது மிசௌரி மாநிலம் ஹர்லியில் இருந்தது. ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பொருளை எடுத்துக் குடைந்து பார்த்திருக்கிறான். அது டைனமைட்டை வெடிக்கவைக்கும் சிறு வெடிமுனை. முகத்துக்கு நேரே வெடித்தது. வயது 16.

அதற்குப் பிறகு அக்கா ரூத் தினமும் அவருக்குப் புத்தகம் வாசித்தார். வாசித்தவற்றில் இசைக்கலைஞர்களைப் பற்றிய ஒரு நாவலும் இருந்தது. அதைக் கேட்டபிறகுதான் இசையமைப்பாளர் ஆவது என்று முடிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அயோவா மாநிலத்தின் பார்வையற்றோர் பள்ளியில், வின்டன் என்ற ஊரில், வயலின், பியானோ, ஆர்கன், சேர்ந்திசை, ஹார்மனி எல்லாம் கற்றார். முறையான மேலைச் செவ்வியல் பயிற்சி. அதன் பிறகு பெரும்பாலும் பிரெய்ல் புத்தகங்களிலிருந்து தாமாகவே கற்றார்.

நியூயார்க் வந்ததும் கார்னகி ஹால் வாசலில் போய் நின்றார். பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் நடத்துநர் ஆர்டர் ரொட்ஜின்ஸ்கி ஒத்திகைகளில் உட்கார்ந்து கேட்க அவரை அனுமதித்தார். ஊருக்குப் புதியவர், கையில் பணம் இல்லை, பார்வை இல்லை. அவர் தேடிப் போன முதல் இடம் அதுதான். ஒரு பெரிய வாத்தியக் குழுவை ஒத்திகையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதைவிட ஆர்கெஸ்ட்ரேஷனுக்கு, அதாவது எந்த வாத்தியத்துக்கு எதைக் கொடுப்பது என்ற கலைக்கு, நல்ல பாடம் கிடையாது.

ஜனவரி 10, சற்றுப் பின்னர்

பெயர்க் காரணம் கேட்டவருக்கு: ஹர்லியில் அவரிடம் ஒரு நாய் இருந்தது. நிலவைப் பார்த்து ஊளையிடுவதில் அதை மிஞ்ச நாய் இல்லையாம். 1947இல் அதன் நினைவாக வைத்துக்கொண்ட பெயர்.

ஜனவரி 13

“இரண்டு நிமிடத் துணுக்கு” என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன்.

என் நண்பர் ஒருவர் வயலின் ஆசிரியர், பார்வையற்றவர். கல்லூரிக் காலத்தில் அவருக்குப் பாடம் வாசித்துக் காட்டப் போனதில் ஏற்பட்ட பழக்கம். பிரெய்ல் எழுதுவதை அவரிடம்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே தடித்த காகிதத்தைச் செருகி, மேல் தகட்டில் உள்ள சிறு சன்னல்கள் வழியாக ஸ்டைலஸால் குத்துவார். புள்ளி காகிதத்தின் மறுபக்கம் எழும். ஆகவே வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் இடவலம் மாற்றி எழுதி, பிறகு தாளைப் புரட்டி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். எழுதும்போது எழுதியதைப் படிக்க முடியாது. படிக்க வேண்டுமானால் தாளைக் கழற்ற வேண்டும், கழற்றினால் மறுபடி அதே வரியில் பொருத்த வேண்டும்.

இசைக்கு வந்தால், ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகள். மேலே உள்ள நான்கும் எந்தச் சுரம் என்பதைச் சொல்லும். கீழே உள்ள இரண்டும் அந்தச் சுரத்தின் காலத்தைச் சொல்லும். கீழே ஒன்றும் இல்லையென்றால் எட்டில் ஒரு பங்கு, வலது புள்ளி மட்டும் இருந்தால் கால், இடது மட்டும் இருந்தால் அரை, இரண்டும் இருந்தால் முழுச் சுரம். ஸ்தாயியைக் காட்டச் சுரத்துக்கு முன்னால் தனிக் குறி. ஐந்து கோடுகள் கிடையாது, மேலே கீழே கிடையாது. எல்லாம் ஒரே நேர்வரி. அச்சிட்ட ஆர்கெஸ்ட்ரா தாளில் புல்லாங்குழலுக்குக் கீழே ஓபோ, அதற்குக் கீழே வயலின் என்று அடுக்கடுக்காக ஒரே பார்வையில் தெரியும். மூன்டாக்குக்கு அந்த ஒரே பார்வை இல்லை. ஒரு குரலை முழுதாக எழுதி, அதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த குரலை எழுத வேண்டும்.

(நண்பருக்கு இந்தக் கஷ்டம் குறைவு. ச ரி க ம என்று தமிழ் பிரெய்லிலேயே எழுதிவிடலாம், நம் இசையில் ஒரே மெட்டுதானே ஓடுகிறது.)

இதோடு முடியவில்லை. வாத்தியக் கலைஞர்கள் பிரெய்ல் படிக்க மாட்டார்கள். மூன்டாக் தாளைத் தடவி ஒவ்வொரு சுரமாக வாய்விட்டுச் சொல்ல, கண் தெரிந்த ஒருவர் அதைக் கோட்டுத் தாளில் எழுத வேண்டும். அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். தெருவில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதி அதற்குத்தான் போயிற்று. நீளமான படைப்பு என்றால் நீளமான கூலி.

இப்போது துணுக்கு என்பதை வேறு மாதிரிப் பார்க்கலாம். கேனன், ரவுண்டு என்றால் என்ன? ஒரே மெட்டு. ஒருவர் தொடங்குவார், சில அட்சரங்கள் கழித்து இன்னொருவர் அதே மெட்டை முதலிலிருந்து தொடங்குவார், அவரைத் தொடர்ந்து மூன்றாமவர். ஒரு வரி எழுதினால் போதும், நான்கு குரல்கள் கிடைத்துவிடும். நேர்வரியாக மட்டுமே எழுத முடிந்த, பிரதி எடுக்கக் காசு எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்த ஒருவர் இந்த வடிவத்தில் வாழ்நாள் முழுவதும் ஊறிப்போனது எனக்கு மிக நியாயமாகப் படுகிறது.

ஜனவரி 14

ஒருவர் மறுக்கிறார்: “ஜெர்மானிய இசைமேதை பாஹ் கண் தெரிந்தவர், அவரும் கேனன் எழுதினார். பார்வையின்மைக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.”

யோசித்துப் பார்த்தேன். முடிச்சை முழுக்க அவிழ்க்க எனக்கு மனமில்லை, ஆனால் கொஞ்சம் தளர்த்துகிறேன். வசதிக்காக மட்டும் ஒருவர் இத்தனை கண்டிப்பாக எழுத மாட்டார். பல மெட்டுகளை ஒரே நேரத்தில் பொருத்தும் கவுன்டர்பாயின்ட் விதிகளில் மூன்டாக் சிறு தளர்வையும் ஏற்காதவர். பாஹ்கூட விதியை மீறிய இடங்கள் உண்டு என்று சுட்டிக்காட்டிய ஆள். தெருவில் நின்றவர் கட்டற்ற இசை எழுதுவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவரோ தம் காலத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைவிடப் பழைமைவாதி. சுருதி பேதமற்ற சுத்தமான மெட்டு, விதி பிசகாத குரலமைப்பு, இவற்றை விட்டு நகரவில்லை. கூலிக் கணக்கு நீளத்தை நிர்ணயித்திருக்கலாம், வடிவத்தைத் தேர்ந்தது அவருடைய விருப்பம். இப்படிச் சொன்னால் இருவருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 15

தாளத்தில்தான் அவர் புதியவர். 5, 7 என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் நடக்கும் இசைக்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்நேக்டைம்’. நாலு-நாலு தாளத்தில் சாகமாட்டேன் என்று சொன்னவர்.

சிறு வயதில் மிருதங்கம் கற்ற காரணத்தால் என் கை தானாகவே “தக தகிட” என்று போட்டுவிட்டது. மேல்நாட்டுக் காதுக்கு நொண்டுவதுபோலக் கேட்கும் ஐந்து, நமக்கு இயல்பான நடை. 1956இல் பிரெஸ்டீஜ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட தட்டுகளைக் கேட்கும்போது இதை முயன்று பாருங்கள், ஏழு வரும் இடத்தில் “தகிட தகதிமி” சரியாக உட்கார்ந்துவிடும்.

ஜனவரி 15, இரவு

நான் அஞ்சியதே நடந்துவிட்டது. “நம் தாளத்தைக் கேட்டுத்தான் எழுதியிருப்பார்” என்கிறார் ஒருவர். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அடியில் ஓயாமல் ஓடும் துடிக்கு அவரே நன்றி சொன்னது அமெரிக்கப் பூர்வகுடிகளின் முரசுக்கு. அதன்மேல் 5, 7 என்று அடுக்கியது அவருடைய சொந்த உழைப்பு. அரபாஹோ மக்களுக்குப் போக வேண்டிய பெருமையை நாம் எடுத்து மடியில் கட்டிக்கொள்ள வேண்டாம்.

தாளத்துக்கென்றே வாத்தியங்கள் செய்தார். ‘டிரிம்பா’ முக்கோண வடிவ முரசுகளும் ஒரு சிம்பலும் சேர்ந்தது. ஒரு கையில் மராக்கா, மறு கையில் மரக்கட்டை. குலுக்கலும் அடியும் ஒரே வீச்சில் வரும். ‘ஊ’ என்று ஒரு முக்கோண நரம்புக் கருவி. டிரிம்பா வாசிப்பை ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டெஃபான் லகாடோஸ் அவரிடம் கற்று, அவர் மறைவுக்குப் பின்னும் மேடையேற்றினார்.

ஜனவரி 18

தலைக்கவசம். ஒதுக்கிவிட்டுப் பேசலாம் என்று நினைத்தேன், எல்லோரும் அதையே கேட்கிறீர்கள்.

முதலில் இருந்தது தாடியும் அங்கியும்தான். பார்த்தவர்கள் கிறிஸ்து மாதிரி இருக்கிறார், துறவி மாதிரி இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கிறிஸ்தவத்தை விட்டு விலகிவந்த பாதிரியார் மகனுக்கு அது பிடிக்கவில்லை. நார்ஸ் தெய்வங்களின், அதாவது பண்டைய ஸ்காண்டிநேவியத் தெய்வங்களின் மேல் அவருக்குப் பற்று ஏற்பட்டிருந்தது. தாமே செய்துகொண்ட உடையும், கொம்பு வைத்த தலைக்கவசமும், கையில் ஈட்டியுமாக நின்றார். அதன் பிறகு யாரும் கிறிஸ்து என்று சொல்லவில்லை.

என் நண்பர் தாம்பரம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து மறுநாள் பாடத்தைக் குத்திக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். நடந்துபோன ஒருவர் நிற்காமலே பத்து ரூபாய் நாணயம் ஒன்றை ஸ்லேட்டின் மேல் போட்டுவிட்டுப் போனார். ஸ்டைலஸ் விலகிவிட்டது. நண்பர் நாணயத்தைத் தடவிப் பார்த்தார், எடுத்துப் பெஞ்சில் ஓரமாக வைத்தார், விட்ட கட்டத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்து மறுபடி குத்தத் தொடங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கடிகாரம், அருகில் வயலின் பெட்டி. எதுவும் அந்தப் போனவர் கண்ணில் படவில்லை. கறுப்புக் கண்ணாடி மட்டும் பட்டது.

ஆகவே அந்தத் தலைக்கவசத்தைக் கிறுக்கு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தன்னைப் பார்ப்பவர்களைத் தன்னால் பார்க்க முடியாது. அவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதையாவது தானே முடிவு செய்தார்.

ஜனவரி 19

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அதற்கு அவர் விலையும் கொடுத்தார். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ‘ஆறாவது அவென்யூவின் வைகிங்’ என்பது நகரம் முழுக்கத் தெரிந்த பெயர், அவர் இசையமைப்பாளர் என்பது தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நம் கேள்விக்காரரின் சந்தேகமும் அங்கிருந்துதானே வருகிறது. கோலம் அவருக்குக் கவசமாக இருந்தது என்று நான் நினைப்பதையும், அதுவே இசையை மறைத்தது என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜனவரி 20

இசையமைப்பாளரா இல்லையா என்ற இதே கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

1949-50இல் மூன்டாக்கின் சில பதிவுகள் 78 சுழற்சித் தட்டுகளாக வந்தன. கிளீவ்லாந்து வானொலியில் ஆலன் ஃப்ரீட் என்ற அறிவிப்பாளர் ‘மூன்டாக் சிம்பொனி’யைத் தம் நிகழ்ச்சியின் முகப்பிசையாகப் போட்டார். பெயரையும் எடுத்துக்கொண்டார். நிகழ்ச்சி ‘மூன்டாக் ஹவுஸ்’, தம்மையும் மூன்டாக் என்றே அழைத்துக்கொண்டார். 1952 மார்ச் 21 அன்று கிளீவ்லாந்தில் அவர் நடத்திய ‘மூன்டாக் கொரனேஷன் பால்’தான் உலகின் முதல் ராக் அண்ட் ரோல் கச்சேரி என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்தப் பெயருக்குரியவரோ வேறு ஊரில் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார்.

1954இல் ஃப்ரீட் நியூயார்க் வானொலிக்கு வந்தார், அதே பெயரோடு. மூன்டாக் வழக்குப் போட்டார். எதிர்த் தரப்பு ஒரு வானொலி நட்சத்திரம், இந்தத் தரப்பு அங்கி போட்ட தெருக் கலைஞர். மூன்டாக் வென்றார். சுமார் 6,000 டாலர் இழப்பீடு. ஃப்ரீட் பெயரை விட்டுவிட வேண்டியதாயிற்று, நிகழ்ச்சி ‘ராக் அண்ட் ரோல் பார்ட்டி’ என்று மாறியது. ஜாஸ் கலைஞர் பென்னி குட்மன், புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஆர்டுரோ டோஸ்கானினி போன்றவர்கள் இவர் உண்மையான இசையமைப்பாளர் என்று தமக்காகப் பேசியிராவிட்டால் வென்றிருக்க முடியாது என்று மூன்டாக் சொல்லியிருக்கிறார்.

டோஸ்கானினிக்குச் சந்தேகம் இல்லாத விஷயத்தில் நாம் ஏன் இத்தனை தயங்குகிறோம் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜனவரி 24

இன்று மறுபடி 1950களின் பதிவுகளையே கேட்டுக்கொண்டிருந்தேன். தெரு ஒலிகளை அவர் ஒதுக்கவில்லை. கப்பலின் ஊதலோடு சேர்ந்து மூங்கில் குழல் வாசிக்கிறார். வண்டிகள் போகின்றன, முரசு அவற்றோடு நடக்கிறது. டோனி ஷ்வார்ட்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் அவரைத் தெருவிலேயே பதிவு செய்திருக்கிறார். ஸ்டூடியோவில் வாசித்ததற்கும் இதற்கும் வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. தெருப் பதிவில் முரசு கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது, கூட்டத்துக்கு வழிவிடச் சொல்வதுபோல.

ஜனவரி 27

“மினிமலிசத்தின் தந்தை” என்று ஒருவர் போட்டிருக்கிறார். சிறு மெட்டுகளைத் திரும்பத் திரும்ப வைத்துக் கட்டும் இசைப்பாணி அது. இந்தப் பட்டம் எல்லா இடத்திலும் வருகிறது.

நடந்தது இது: 1960களின் கடைசியில் இளம் இசைக்கலைஞர்களாக இருந்த பிலிப் கிளாஸ், ஸ்டீவ் ரைக், ஜான் கிப்சன் மூவரும் மூன்டாக்கோடு உட்கார்ந்து அவருடைய ரவுண்டுகளைப் பாடிப் பதிவு செய்தார்கள். கிளாஸின் வீட்டில் சுமார் ஓராண்டு மூன்டாக் தங்கியிருந்தார். ஜூலியார்ட் இசைப் பள்ளியில் தங்களுக்குக் கிடைத்ததைவிட இவரிடம் கிடைத்ததை மதித்ததாகக் கிளாஸ் பின்னாளில் சொன்னார். பெரிய பாராட்டு, ஐயமில்லை.

ஆனால் மூன்டாக் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. பாஹ் தம் ஃபியூகுகளில் (ஒரே கருவைப் பல குரல்கள் மாறி மாறி எடுக்கும் வடிவம்) செய்ததுதானே இது, இதில் என்ன புதுமை என்பது அவர் பதில். இதை அவருடைய தன்னடக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம்மை அவர் பாஹுக்குப் பின்னே, அதே வரிசையில் நிறுத்திக்கொண்டார். அமெரிக்காவில் நாடு துறந்து வாழும் ஐரோப்பியன் என்ற எண்ணமே அவருக்கு இருந்தது. ஒரு தலைமுறை இளையவர்களின் முன்னோடி என்ற பட்டத்தில் அவருக்கு ஆர்வம் இல்லை.

பிப்ரவரி 2

குடும்பத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

1952இல் மேரி வைட்டிங்கை மணந்தார், சுசுகோ என்றும் அவரை அழைப்பார்கள். மறு ஆண்டு மகள் ஜூன் பிறந்தாள். பழைய தட்டு ஒன்றில் ஒரு தாலாட்டு இருக்கிறது. தாய் பாடுகிறார், கைக்குழந்தையின் குரல் கேட்கிறது, தந்தையின் முரசு அடக்கி வாசிக்கிறது. பிறகு திருமணம் முறிந்தது. 1971இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘மூன்டாக் 2’ தட்டு முழுவதும் ரவுண்டுகள், அதில் தந்தையோடு சேர்ந்து பாடுவது அதே ஜூன்.

அந்தத் தட்டை மேலோட்டமாகக் கேட்டால் குழந்தைப் பாட்டுபோல இருக்கும். தொடர்ந்து கேட்டால் ஒரே வரியை மகள் முதலில் எடுக்க, அப்பா பின்னால் வருவதும், இடம் மாறுவதும் காதில் விழும். பெற்றோர் பிரிந்த வீட்டுப் பெண் அப்பாவோடு ஒரே மெட்டைப் பகிர்ந்துகொள்கிறாள். பிழைப்பும் இசையுமே பெரிது என்று இருந்த மனிதரின் குடும்பத்துக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்தத் தட்டு அதைப் போக்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறைத்திருக்கிறது.

பிப்ரவரி 3

“இத்தனை பெருமை இருந்தால் ஏன் எழுதியதெல்லாம் அப்போதே வரவில்லை?” நல்ல கேள்வி. ஜனவரி 13 அன்று எழுதியதைத் திரும்பப் படியுங்கள், புள்ளியைக் கோட்டுக்கு மாற்ற ஆள் இல்லை.

1974இல் கச்சேரிக்காக ஜெர்மனிக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கேயும் தெருவில்தான் நின்றார். நியூயார்க்கில் பலர் அவர் இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். இலோனா கோபல் என்ற இளம் மாணவி ஓயர்-எர்கென்ஷ்விக் என்ற சிறிய ஊரில் இருந்த தம் குடும்ப வீட்டுக்கு அவரை அழைத்துப் போனார். கொம்புக் கவசத்தைக் கழற்ற வைத்தவரும் அவர்தான். அதைவிடப் பெரிய காரியம், பிரெய்ல் தாள்களை வாசிக்கத்தக்க இசைத்தாள்களாக மாற்றும் வேலையை ஆண்டுக்கணக்காக அவர் கையில் எடுத்துக்கொண்டது. படைப்புகளை வெளியிடும் பொறுப்பையும் ஏற்றார்.

விளைவைப் பாருங்கள். அறுபதை நெருங்கும் வயதில் அங்கே போனவர் அதன் பிறகுதான் நீண்ட படைப்புகளில் முழுமூச்சாக இறங்கினார். ஆர்கன் தொகுப்புகள், பெரிய இசைக்குழுவுக்கான சிம்பொனிகள், ஆயிரம் கலைஞர்கள் சேர்ந்து பல மணி நேரம் நிகழ்த்துவதற்கான ‘காஸ்மோஸ்’ திட்டம். துணுக்கு எழுதுபவர் என்று சொன்னீர்களே, எழுதித் தர ஒரு கை கிடைத்ததும் அவர் எங்கே போனார் என்று பாருங்கள்.

நம் ஊரில் எத்தனை பிரெய்ல் கட்டுகள் மரப்பெட்டியில் கிடக்கின்றன என்று நினைத்தால் வயிறு எரிகிறது. என் நண்பர் எழுதிவைத்த வர்ணங்கள் மட்டும் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. எடுத்துப் பிரதி செய்து தரும்படி ஓர் இசை நிறுவனத்தை அணுகினோம், பதிலே வரவில்லை.

பிப்ரவரி 3, பின்னிரவு

விட்டுப்போன செய்தி: 1989இல் ஒரு முறை நியூயார்க் திரும்பினார், புரூக்ளினில் நடந்த புதிய இசை விழாவுக்கு. தம் படைப்புகளை இசைக்குழு வாசிக்க, மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து பெரிய முரசை அடித்துத் தாளம் காட்டினார். கோல் ஏந்தவில்லை. குழுவுக்கு முன்னால் நின்று ஆணையிடுவதைவிடக் குழுவுக்குள் ஒருவராக இருந்து காலத்தைக் கொடுத்தார். நம் கச்சேரி மேடையில் யாரும் கோல் ஏந்துவதில்லை, மிருதங்கக்காரரும் பாடகரும் ஒருவரையொருவர் கேட்டே போகிறார்கள். அதனால் எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

1999 செப்டம்பர் 8, மியூன்ஸ்டர் நகரில் இதயக் கோளாறால் மறைந்தார். வயது 83. கல்லறையும் அங்கேதான்.

பிப்ரவரி 8

கேள்விக்காரர் மறுபடி வந்து “சரி, எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறார்.

1969இல் கொலம்பியா வெளியிட்ட ‘மூன்டாக்’ தட்டு. ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோ தயாரித்தது, தெருவில் எழுதிய இசையைப் பெரிய வாத்தியக் குழு வாசிக்கிறது. அதில் ‘பேர்ட்ஸ் லமென்ட்’ என்ற பகுதி, சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கருக்காக எழுதியது. பார்க்கர் அந்த நடைபாதைக்கு வந்து இவரோடு பேசிக்கொண்டிருப்பாராம். சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று பேச்சு இருந்தது. 1955இல் பார்க்கர் போய்விட்டார்.

இரண்டு நிமிடமும் ஆகாது. அடியில் ஒரே சுரவரிசை திரும்பத் திரும்ப வருகிறது, மாறுவதே இல்லை. அதன்மேல் சாக்ஸபோன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. இரங்கல் இசை என்றால் மெதுவாக இருக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது, துள்ளிக்கொண்டு நடக்கிறது. 1999இல் மிஸ்டர் ஸ்க்ரஃப் என்ற ஆங்கிலேயக் கலைஞர் அதை எடுத்து ஆட்ட இசையாக்கினார். விளம்பரங்களில் வந்தது. உங்களுக்கே தெரியாமல் கேட்டிருப்பீர்கள்.

பிப்ரவரி 9

அதே தட்டில் பென்னி குட்மனுக்காக எழுதியது ஒன்று, மார்த்தா கிரஹாமின் நடனத்துக்கென எழுதிய ‘விட்ச் ஆஃப் எண்டோர்’ ஒன்று. இரண்டாவதை இரவில் கேளுங்கள். அதற்குப் பிறகு 1956 தட்டுகள். ஆர்கன் பிடித்தவர்கள் 1977இல் வந்த ஐரோப்பியத் தட்டுக்குப் போகலாம். 1997இல் வந்த சாக்ஸபோன் குழுத் தட்டு கலகலப்பானது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

மிருதங்கமோ கடமோ வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது 1956 தட்டில் உள்ள ஐந்து அட்சரப் பகுதிகளை எடுத்து, கண்ட நடையில் கோர்வை வைத்து வாசித்துப் பதிவு செய்து போடுங்கள். நான் முயன்றேன், மெட்டு மிகக் குறுகியதாக இருக்கிறபடியால் கோர்வை முடிவதற்குள் அது முடிந்துவிடுகிறது. மூன்று சுற்று சேர்த்து எடுத்தால் வரும் என்று தோன்றுகிறது.